கதவு மாத்தினதுக்கு ஒரு கடுதாசி: இங்கிலாந்து வாசல்களின் கதை

எங்க டீம்ல ஒரு அண்ணன் இருக்காரு. திருச்சிக்காரர். பத்து வருஷம் இங்கிலாந்துல ஆணி பிடுங்கி சேத்த காசுல போன வருஷம் ஒரு வீடு வாங்கினார். 1890கள்ல கட்டின செங்கல் வீடு. ஒரே மாதிரி இருவது வீடு தோளோட தோள் ஒட்டி நிக்கும், ரயில் பெட்டி மாதிரி. அதுல ஒரு பெட்டி அண்ணனுக்கு.

வீடு நல்லாத்தான் இருந்துச்சு. வாசக்கதவுதான் பிரச்சினை. நூறு வருஷப் பழைய மரக்கதவு. கீழ ஒரு விரக்கடை இடைவெளி. ஜனவரி மாசம் அந்த வழியா வர்ற காத்து இருக்கே... ஊர்லருந்து வந்த அண்ணனோட அம்மா ஹால்லயே உக்கார மாட்டேன்னுட்டாங்க. அண்ணி நச்சரிச்சு, பழைய கதவக் கழட்டிட்டு வெள்ளை கலர்ல பளபளன்னு ஒரு பிளாஸ்டிக் கதவு போட்டாங்க. செலவு ரெண்டாயிரம் பவுண்டுக்கு பக்கத்துல. குளிர் நின்னுது. எல்லாரும் ஹேப்பி.

ரெண்டு மாசம் கழிச்சு கவுன்சில்லருந்து ஒரு கடுதாசி. "உங்க வீட்டு முன்கதவு அனுமதி இல்லாம மாத்தப்பட்டிருக்குன்னு எங்க கவனத்துக்கு வந்திருக்கு"ன்னு ஆரம்பிச்சு, ஒண்ணு இப்பவாச்சும் விண்ணப்பம் போடு, இல்லேன்னா பழைய மாதிரியே மாத்துன்னு ரொம்ப மரியாதையா முடிச்சிருந்தாங்க.

அண்ணன் லஞ்ச் டைம்ல கடுதாசிய என் முன்னாடி போட்டார்.

"என்ன தம்பி இது? என் வீடு, என் காசு, என் கதவு. இவங்களுக்கு என்ன போச்சு?"

"தெரியலயேண்ணே. நம்ம ஊர்ல வாசக்கால் வைக்க நல்ல நேரம்தான் பாப்பாங்க. கதவு மாத்த யார்கிட்டயும் கேட்டதா ஞாபகம் இல்ல."

"அதான். நீதான் சும்மா எதையாச்சும் படிச்சிட்டே இருப்பியே, கொஞ்சம் பாத்துச் சொல்லு."

சரின்னு தோண்ட ஆரம்பிச்சேன். ஒரு வாரயிறுதின்னு நினைச்சது ஒரு மாசம் ஆயிடுச்சு. கிணறு வெட்ட பூதம் கெளம்பின கதைதான். அந்த பூதத்த உங்களுக்கும் அறிமுகப்படுத்துறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் பெருசு, டீ போட்டுட்டு வந்துடுங்க :-)

முதல்ல வந்தது நெருப்பு

கதை லண்டன்ல, 1666 செப்டம்பர் 2ஆம் தேதி ஆரம்பிக்குது. புட்டிங் லேன்ங்கிற சந்துல ஒரு பேக்கரில பிடிச்ச தீ நாலு நாள் எரிஞ்சுது. சுமார் 13,200 வீடு, 87 கோயில் காலி. மர வீடுகள், குறுகலான தெருக்கள். எதிர் எதிர் வீட்டு மாடிகள் ஒண்ணையொண்ணு தொடுற அளவுக்கு நீட்டிக்கிட்டு நின்ன ஊரு அது. பத்தாம இருக்குமா?

அடுத்த வருஷமே, 1667ல, மறுகட்டுமானச் சட்டம் வந்துடுச்சு. வீடுகள நாலு வகையாப் பிரிச்சாங்க. எந்தத் தெருவுல எத்தனை மாடி, சுவர் எவ்வளவு தடிமன்னு எல்லாம் சட்டத்துலயே எழுதினாங்க. வெளிச்சுவர் செங்கல்லாவோ கல்லாவோதான் இருக்கணும். மரம் கூடாது.

இங்கதான் நம்ம ஹீரோ என்ட்ரி. வெளிப்பக்கம் மரம் கூடாதுன்னு சொன்ன அதே சட்டம், கதவு நிலைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் விலக்கு கொடுத்துச்சு. அவ்ளோ பெரிய தீ விபத்துக்கு அப்புறமும் "கதவ மட்டும் மரத்துல வெச்சுக்கப்பா"ன்னு விட்டாங்க. கல்லுல கதவு செய்ய முடியாதுங்கிறதுதான் காரணமா இருந்திருக்கணும், வேற என்ன!

அந்தச் சலுகை முழுசா நீடிக்கல. 1709ல லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர் ரெண்டு நகரத்துக்கும் ஒரு விதி அமலுக்கு வந்துச்சு. மரக்கதவு நிலையோ ஜன்னல் சட்டமோ சுவரோட வெளிமுகத்துலருந்து குறைஞ்சது நாலு இன்ச் உள்ளதான் இருக்கணும். ஏன்? தெருவுல தீப்பிடிச்சா சுவரோட சமமா நிக்கிற மரச்சட்டம் வழியாத்தான் நெருப்பு தாவும். உள்ள தள்ளி வெச்சா செங்கல் கொஞ்சம் காப்பாத்தும். 1774ல வந்த கட்டடச் சட்டம் இதை இன்னும் இறுக்குச்சு.

பழைய லண்டன் வீட்டு போட்டோவப் பாத்தீங்கன்னா வாசலும் ஜன்னலும் சுவருக்குள்ள பதுங்கி, ஓரத்துல அழகா ஒரு நிழல் விழும். 'ஜார்ஜியன் அழகு'ன்னு டூரிஸ்டுங்க போட்டோ புடிக்கிறாங்களே, அதுல ஒரு பங்கு அந்த நாலு இன்ச் தீயணைப்பு விதியோட வேலை. பாதுகாப்புக்கு வெச்ச விதி காலப்போக்குல அழகா மாறிடுச்சு. இத மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

நடுவுல வரியும் தபாலும்

1696ல இங்கிலாந்துல ஜன்னல் வரி வந்துச்சு. ஜன்னல எண்ணி வரி. மக்கள் என்ன பண்ணாங்க? ஜன்னல செங்கல் வெச்சு அடைச்சாங்க. 1851ல வரி ஒழிஞ்சாலும், அப்படி அடைச்ச ஜன்னல்கள இன்னைக்கும் தெருவுல பாக்கலாம். கதவுக்கு நல்ல வேளையா இங்க வரி போடல. பிரான்ஸ்ல அதையும் விட்டு வைக்கல. 1798ல கதவு, ஜன்னல் ரெண்டுக்கும் சேத்து போட்ட வரிய 1926லதான் எடுத்தாங்க.

இங்கிலாந்துல கதவு மேல கை வெச்சது தபால் துறை. 1840ல ஒரு பென்னி தபால் வந்ததும் கடுதாசி எண்ணிக்கை எகிறிடுச்சு. தபால்காரர் ஒவ்வொரு வீட்டுலயும் கதவத் தட்டி, ஆள் வர்ற வரைக்கும் நின்னா எப்ப முடிக்கிறது? 1849ல இருந்து கதவுலயே ஒரு துவாரம் போட்டுக்கச் சொல்லி மக்கள ஊக்குவிக்க ஆரம்பிச்சாங்க. என்னோட மஹோகனி கதவுல ஓட்டை போடணுமான்னு கொதிச்ச பிரபுக்களும் இருந்தாங்களாம். நம்ம அண்ணன் கேட்ட அதே கேள்வி, கிட்டத்தட்ட 175 வருஷம் முன்னாடி :-)

ஆனா கவனிங்க, இது வரைக்கும் யாரும் "கதவு மாத்தணும்னா எங்ககிட்ட கேளு"ன்னு சொல்லல. விதி இருந்துச்சு, அனுமதி இல்ல. அது வர ஒரு உலகப்போர் தேவைப்பட்டுச்சு.

1947: டீஃபால்ட் டினை

ரெண்டாம் உலகப்போர்ல குண்டு விழுந்த ஊர்கள்ல ஒரு பிரச்சினை. பாதி இடிஞ்சு நிக்கிற கட்டடத்துல எத இடிச்சுத் தள்ளலாம், எத முட்டுக்கொடுத்துக் காப்பாத்தணும்னு யாருக்குத் தெரியும்? கட்டடக் கலைஞர்கள அனுப்பி பட்டியல் எடுத்தாங்க. அந்த அவசரப் பட்டியல் பழக்கம்தான் பின்னாடி 1944, 1947 சட்டங்கள் வழியா 'பட்டியலிடப்பட்ட கட்டடங்கள்'ங்கிற நிரந்தர ஏற்பாடா மாறுச்சு.

1947ல அட்லி ஆட்சி கொண்டு வந்த நகர்ப்புற ஊர்ப்புறத் திட்டமிடல் சட்டம் 1948 ஜூலை 1ல அமலுக்கு வந்துச்சு. அது பண்ணின காரியம் ரொம்பப் பெருசு. நிலம் உன்னோடது, ஆனா அதுல எதையாச்சும் கட்டுற, மாத்துற உரிமை இனிமே அரசாங்கத்தோடது. வேணும்னா அனுமதி கேளு. பொட்டி தட்டுறவங்க பாஷைல சொன்னா, அதுவரைக்கும் டீஃபால்ட் அலோ. அன்னைலருந்து டீஃபால்ட் டினை.

அப்படியே விட்டா ஒரு ஆணி அடிக்கக்கூட விண்ணப்பம் போடணுமே? அதுக்கு ரெண்டு வழி வெச்சாங்க.

ஒண்ணு, கட்டடத்தோட வெளித்தோற்றத்த குறிப்பிடும்படியா பாதிக்காத மராமத்து வேலை 'டெவலப்மென்ட்'டே கிடையாது. அதே மாதிரி கதவ அதே மாதிரி கதவால மாத்தினா அங்கயே கேஸ் குளோஸ். இந்த வாசகம் இப்ப நடைமுறைல இருக்கிற 1990 சட்டத்துலயும் 55ஆம் பிரிவுல உக்காந்திருக்கு.

ரெண்டாவது, ஒரு பொது ஆணை. இன்னின்ன வேலைக்கு நாங்களே மொத்தமா அனுமதி கொடுத்துட்டோம், தனியா கேக்க வேண்டாம்னு ஒரு ஒயிட்லிஸ்ட். இங்கிலாந்துல இப்ப ஓடிட்டிருக்கிறது 2015ஆம் வருஷத்து ஆணை. அதன்படி சாதாரண தனி வீட்டுக்கு கதவு மாத்த, பெரும்பாலும் புதுசா ஒரு கதவு வைக்கக்கூட, தனி அனுமதி தேவையில்ல. மெட்டீரியல் பழைய வீட்டோட ஒத்த தோற்றத்துல இருக்கணும்ங்கிற மாதிரி சில நிபந்தனைகள் உண்டு. வாசல்ல சின்னதா ஒரு போர்ட்டிகோ மாதிரி எடுக்கலாம். தரைல 3 சதுர மீட்டருக்கு மேல போகக்கூடாது, உயரம் 3 மீட்டருக்கு மேல போகக்கூடாது, ரோட்டு எல்லைலருந்து 2 மீட்டருக்குள்ள வரக்கூடாது. ஃபிளாட்டுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது.

அப்ப அண்ணன் வீடு தனி வீடுதானே, ஏன் கடுதாசி? அங்கதான் ஓவர்ரைடு வருது. அந்த ஆணையோட 4ஆவது பிரிவு. ஒரு கவுன்சில், ஒரு குறிப்பிட்ட தெருவுக்கு மட்டும் இந்தப் பொது அனுமதிய திரும்ப எடுத்துக்கலாம். இங்க எல்லாரும் 'ஆர்ட்டிகிள் ஃபோர்'னு சொல்றாங்க. 

ஏன் எடுத்துக்குவாங்க?

1960கள்ல பழைய ஊர்கள இடிச்சு புதுசா கட்டுற வேகம் பயங்கரமா இருந்துச்சு. லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்து முன்னாடி இருந்த பிரம்மாண்டமான கல் வளைவ 1960களோட ஆரம்பத்துல எதிர்ப்பையும் மீறி இடிச்சாங்க. அந்தக் கோபம் அடங்கல. டங்கன் சாண்டிஸ்ங்கிற எம்.பி. கொண்டு வந்த தனிநபர் மசோதா 1967ல சட்டமாச்சு. ஒரு கட்டடம் மட்டும் இல்ல, ஒரு பகுதியையே பாதுகாக்கலாம்னு சொன்ன முதல் சட்டம். அதே வருஷம் ஸ்டாம்ஃபோர்டுங்கிற ஊர் முதல் பாதுகாப்புப் பகுதி ஆச்சு. இன்னைக்கு இங்கிலாந்துல அந்த மாதிரி பகுதிகள் சுமார் 10,000 இருக்கு.

அப்புறம் கதவுச் சண்டைகள் ஆரம்பிச்சுது. பாத் நகரத்துல ராயல் கிரசென்ட்னு பிறை வடிவத்துல 30 வீடு. 1767லருந்து 1774க்குள்ள கட்டினது. எல்லாக் கதவும் வெள்ளை. 1970கள்ல 22ஆம் நம்பர் வீட்டு அம்மா கதவுக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சாங்க. நகராட்சி நோட்டீஸ் விட்டுச்சு. அந்தம்மா அசரல. வழக்கு சுற்றுச்சூழல் அமைச்சர் வரைக்கும் போய், கடைசில மஞ்சளே இருக்கட்டும்னு தீர்ப்பு. ஒரு கதவு கலருக்கு மத்திய அமைச்சர்! ஸ்காட்லாந்து எடின்பரோவுல 2022ல இதே மாதிரி ஒரு பிங்க் கதவுக்கு 20,000 பவுண்ட் வரைக்கும் அபராதம் வரலாம்னு மிரட்டல் வந்து பேப்பர்ல நாறுச்சு.

தாட்சர் காலத்துக் கதவுகள்

அரசு வீட்டுல வாடகைக்கு இருந்தவங்க அந்த வீட்ட தள்ளுபடி விலைல வாங்கிக்கலாம்னு 1980 வீட்டுவசதிச் சட்டம் சொல்லுச்சு. அதுக்கப்புறம் சுமார் 20 லட்சம் வீடுகள் இப்படி கை மாறுச்சு. வாங்கினவங்கள்ல நிறைய பேர் முதல்ல மாத்தினது எத தெரியுமா? முன்கதவ. வரிசையா ஒரே கலர்ல கவுன்சில் கதவு, நடுவுல ஒண்ணு மட்டும் வேற. "இது இனிமே என் வீடு"ன்னு தெருவுக்கே சொல்ற அறிவிப்பு அது. வாடகை வீட்டுல சுவத்துல ஆணி அடிக்கக்கூட ஓனரக் கேட்டு வளர்ந்த எனக்கு இந்த இடம் படிச்சப்ப என்னமோ பண்ணுச்சு. அண்ணனோட கோபமும் புரிஞ்சுது. பத்து வருஷம் வாடகை கொடுத்தவர் முதல்ல மாத்தினதும் கதவத்தானே.

அதே காலத்துல பிளாஸ்டிக் கதவும் டபுள் கிளேசிங்கும் வீடு வீடா வந்து விக்க ஆரம்பிச்சாங்க. விளைவு? 2009ல இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு பாதுகாப்புப் பகுதிகள்ல ஒரு கணக்கெடுப்பு நடத்துச்சு. எது பெரிய ஆபத்துன்னு பாத்தா, முதலிடம் பொருத்தமில்லாத கதவு, ஜன்னலுக்கு. 83 சதவீத பகுதிகள்ல அந்தப் பிரச்சினை. ஒருத்தர் மாத்தினா தெருவுக்கு ஒண்ணும் ஆகாது. எல்லாரும் மாத்தினா தெருவே இல்ல. அதத் தடுக்கத்தான் ஆர்ட்டிகிள் ஃபோர்.

பட்டியல் கட்டடம்னா இன்னும் கடுமை. உள்ளறைக் கதவ மாத்துறதுக்குக்கூட ஒப்புதல் கேக்க வேண்டி வரலாம். கேக்காம பண்ணினா அது கிரிமினல் குற்றம், ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை. டவுனிங் தெரு 10ஆம் நம்பர் வீடு முதல் தரப் பட்டியல்ல இருக்கு. அங்க கதவு மாத்தினாங்க. 1991 பிப்ரவரில ஐ.ஆர்.ஏ. மோர்ட்டார் குண்டு வீசினதுக்கப்புறம் பழைய மரக்கதவ எடுத்துட்டு குண்டு துளைக்காத இரும்புக்கதவு. ஆனா பாக்க அச்சு அசல் அதே கறுப்புக் கதவு. சிங்க முகத் தட்டுவான்கூட அப்படியே. இரும்பா மாறினாலும் மரம் மாதிரியே தெரியணும்!

சிரிக்க முடியாத ஒரு கதவு

இது வரைக்கும் சிரிச்சுக்கிட்டே படிச்சேன். அப்புறம் கிரென்ஃபெல் வந்துச்சு.

2017 ஜூன் 14, லண்டன். 24 மாடி கிரென்ஃபெல் டவர்ல தீ. 72 பேர் செத்துப்போனாங்க. வெளிச்சுவர்ல ஒட்டின தகடு எரிஞ்சது எல்லாருக்கும் தெரியும். கதவு பத்தி அவ்வளவா யாரும் பேசல. அந்த ஃபிளாட் கதவு ஒண்ண எடுத்து போலீஸ் சோதனை பண்ணினாங்க. 30 நிமிஷம் தீயத் தாங்க வேண்டிய கதவு சுமார் 15 நிமிஷத்துல போயிடுச்சுன்னு 2018 மார்ச்சுல அறிவிச்சாங்க. தானா மூடிக்கிற கருவி பல கதவுகள்ல இல்ல, இல்லேன்னா வேலை செய்யல, அதனால புகை மாடிப்படி பக்கம் பரவுச்சுன்னு விசாரணை அறிக்கை 2019ல சொல்லுச்சு. தப்பிச்சு ஓடினவங்க தொறந்துட்டுப் போன கதவு பின்னாடியே மூடல. அவ்வளவுதான். மூடியிருந்தா இன்னும் கொஞ்ச நேரம் கிடைச்சிருக்கும்.

350 வருஷம் முன்னாடி ஒரு தீக்கு அப்புறம் கதவ உள்ள தள்ளி வைன்னு சொன்ன நாடு இது. அந்த விதி அழகா மாறி, அழகக் காப்பாத்த இன்னொரு சட்டம் வந்து, அதுக்கு அதிகாரிங்க வந்து, நடுவுல எதுக்கு ஆரம்பிச்சோம்ங்கிறது மறந்துபோச்சோன்னு தோணுச்சு. சட்டப்படி ரெண்டும் வேற வேற துறைதான். தோற்றத்துக்கு திட்டமிடல் அனுமதி, தீக்கும் குளிருக்கும் கட்டட விதிகள். ஆனாலும் மனசு கேக்கல. கிரென்ஃபெல்லுக்கு அப்புறம் வந்த விதிகள் 2023 ஜனவரி 23லருந்து அமல்ல இருக்கு. 11 மீட்டருக்கு மேல உயரமான அடுக்குமாடிகள்ல பொதுக்கதவுகள மூணு மாசத்துக்கு ஒரு தடவையும், ஃபிளாட் கதவுகள வருஷத்துக்கு ஒரு தடவையும் பரிசோதிக்கணும். உங்க ஃபிளாட்டுக்கு ஒருத்தர் வந்து கதவத் தொறந்து மூடிப் பாத்தா சலிச்சுக்காதீங்க மக்களே.

அண்ணன் கேஸ்

எல்லாத்தையும் அண்ணன்கிட்ட கொட்டினேன்.

"அதெல்லாம் சரி தம்பி. நாலு வீடு தள்ளி ஒருத்தர் பிளாஸ்டிக் கதவுதான போட்டிருக்கார்? அவருக்கு ஏன் கடுதாசி போகல?"

விசாரிச்சா, அவர் மாத்தினது ஆர்ட்டிகிள் ஃபோர் வர்றதுக்கு முன்னாடி. அப்ப அது சரி. சட்டம் பின்னோக்கிப் போகாது. அதுவும் போக, ஒரு கால வரம்பு தாண்டினா கவுன்சில் நடவடிக்கை எடுக்க முடியாது. முன்னாடி நாலு வருஷமா இருந்தத 2024 ஏப்ரல்ல பத்து வருஷமா நீட்டிட்டாங்க. ஸோ, சத்தம் போடாம ஒளிஞ்சிருக்கிற ஐடியாவும் அவுட்.

"கதவு போட்டவன் சர்டிஃபிகேட் கொடுத்தானே?"

அது கட்டட விதிகளுக்கு. 2002லருந்து ஜன்னல், கண்ணாடிக் கதவு மாத்தினா வெப்பம் வெளிய போகாத அளவுக்கு இருக்கான்னு பாக்குறாங்க. 2022 ஜூன்லருந்து புதுசா மாத்துற கதவுக்கு அந்த யூ வேல்யூ பொதுவா 1.4க்குள்ள இருக்கணும். அந்த சர்டிஃபிகேட் இருந்தா கதவு குளிரத் தாங்கும்னு அர்த்தம். தெருவுல நிக்கலாம்னு அர்த்தம் இல்ல. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டுத்தான் அண்ணன் மாட்டினார்.

கடைசியா வீடு வாங்கினப்ப வக்கீல் கொடுத்த காகிதக் கட்டத் தேடி எடுத்தோம். 'இந்தத் தெரு ஆர்ட்டிகிள் ஃபோர் ஆணைக்கு உட்பட்டது'ன்னு ஒரு வரி தெளிவா இருந்துச்சு. அண்ணன் என்னப் பாத்தார். நான் அண்ணனப் பாத்தேன். வாழ்நாள் பூரா டேர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ் படிக்காம 'அக்ரீ' அமுக்குற பரம்பரை இல்லையா நாம.

நல்ல வேளை, பழைய கதவு பின்பக்க ஷெட்ல இருந்துச்சு. அண்ணன் தூக்கிப் போடத்தான் பாத்தாராம். "தலவாசக் கதவ குப்பைல போடாதடா, வீட்டுக்கு ஆகாது"ன்னு அவர் அம்மா தடுத்திருக்காங்க. ஒரு தச்சரப் பிடிச்சு, இத்துப்போன அடிப்பலகைய மட்டும் மாத்தி, சுத்தி காத்துத்தடுப்பு ரப்பர் வெச்சு, கீழ பிரஷ் ஒட்டி, நல்ல பூட்டு ஒண்ணு போட்டு திரும்ப மாட்டினோம். பிளாஸ்டிக் கதவோட விலைல பாதிகூட ஆகல. குளிர் முழுசா நிக்கல, முக்கால்வாசி நின்னுது. அம்மா இப்ப ஹால்ல உக்காருறாங்க, சால்வையோட.

கவுன்சில்லருந்து நன்றின்னு ஒரு கடுதாசி வந்துச்சாம்.

"இப்ப என்னண்ணே சொல்றீங்க? உங்க கதவா, தெருவோட கதவா?"ன்னு கேட்டேன்.

"உள்பக்கம் என்னோடது, வெளிப்பக்கம் தெருவோடது. ரெண்டாயிரம் பவுண்டு மட்டும் யாரோடதும் இல்ல, போச்சு"ன்னார்.

உங்க ஊர்ல எப்படி? வீட்டுல கை வெச்சு மாட்டின அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல கொட்டுங்க.

டிஸ்கி: நான் வக்கீல் இல்ல, பொட்டி தட்டுறவன். இங்க சொன்ன விதிகள் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துல வேற மாதிரி. கதவு மாத்துறதுக்கு முன்னாடி உங்க கவுன்சில ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. முக்கியமா, வீடு வாங்கினப்ப கொடுத்த காகிதத்தப் படிங்க :-)